ஓய்வுநாளில் பிள்ளைகள் சொன்ன பொய்

நான் உயிராய் நேசித்த பிள்ளைகளே என்னை ஏமாற்றினார்கள். சாட்சி சொல்ல வந்தவள் இப்படியா தொடங்குவது என்று நினைப்பீர்கள். ஆனால் அங்கேதான் ஆண்டவர் என்னைப் பிடித்தார்.

போன வருடம் ஜூன் மாதம் தூத்துக்குடியிலிருந்து மட்டக்களப்புக்குப் போனேன். குருக்கள்மடம் பக்கம், வாவிக்கரையில் ஒரு சிறுமியர் இல்லம். மூன்று மாத ஊழியம். அதை நடத்தும் சபைக்குச் சனிக்கிழமைதான் ஓய்வுநாள். வெள்ளி சூரியன் மறையுமுன் மறுநாள் சோறும் கறியும் ஆக்கி முடித்துவிட வேண்டும். நானோ பிறந்ததிலிருந்து ஞாயிறு கோயிலுக்குப் போகிறவள். ஞாயிறன்று துணி துவைக்கவே கை கூசும். எது கூடும், எது கூடாது என்று ஒன்றும் பிடிபடவில்லை.

பதின்மூன்று வயது தர்சினிதான் எனக்கு வாத்தியார். "சனிக்கிழமை பகல் சாப்பிட்டாப் பிறகு பெரியாக்கள் கதவச் சாத்திப்போட்டுப் படுக்கணும் அன்ரி. மணியடிக்கும் வரைக்கும் வெளிய வரப்படாது" என்றாள். இல்லப் பொறுப்பாளர் அந்த நேரம் பக்கத்து ஊர் சபைக்குப் போய்விடுவார். ஏழு சனிக்கிழமைகள் பக்தியோடு தூங்கினேன்!

எட்டாவது சனிக்கிழமை கதவைத் தட்டி அலறினார்கள். நான் தூங்கிய நேரமெல்லாம் பிள்ளைகள் வாவியில் குளித்திருக்கிறார்கள். அன்று ஏழு வயது சுகி, கரையில் கட்டியிருந்த தோணியில் ஏறி விளையாட, கயிறு அவிழ்ந்து, பலத்த காற்று அவளை இழுத்துப் போய்விட்டது. ஓடிப்போய்ப் பார்த்தேன். வெறும் தண்ணீர். எனக்கு நீச்சல் தெரியாது. இரண்டு பிள்ளைகளை ஆள் கூட்டிவர விரட்டிவிட்டுச் சேற்றில் முழங்காலிட்டேன்.

"ஆண்டவரே, பொய் சொன்ன பிள்ளைகள்தான். ஆனாலும் இவளைத் திருப்பித் தாரும்" என்று கதறினேன். ஜெபத்துக்குள்ளேயே கோபமும் எரிந்தது.

எவ்வளவு நேரமோ தெரியாது. எதிர்க்கரைப் பழுகாமத்து மீனவர் ஒருவர் சுகியைத் தன் தோணியில் ஏற்றிக்கொண்டு வந்தார். நெற்றியில் திருநீறு. "காத்துக்கு இண்டைக்கு வரப்படாதெண்டுதான் இருந்தன். மனசு கேக்கல்ல, வந்தன். புள்ளயப் பாத்துக்கொள்ளுங்க தங்கச்சி" என்றார். அவர் மனதைக் கேட்கவிடாமல் செய்தவர் யார் என்று எனக்குத் தெரியும்.

சுகியை அணைத்து அழுது முடித்தபின் தர்சினியைப் பிடித்து உலுக்கினேன். "ஏம்மா என்கிட்ட பொய் சொன்னே?"

அவள் தலை குனியவில்லை. "உங்களுக்கு மட்டுமில்ல அன்ரி. வாற எல்லா அன்ரிமாருக்கும் இதத்தான் சொல்ற. மூணு மாசம் அன்பா இருந்து, திரும்பி வருவன் எண்டு சொல்லிப்போட்டுப் போவாங்க. மறுகா ஒராளும் வரல்ல. நீங்களும் சொன்னீங்கதானே?"

சொல்லியிருந்தேன். சும்மா, பிள்ளைகள் மனம் குளிரட்டும் என்று.

திங்கட்கிழமை ஊர் திரும்பும் பயணச்சீட்டை ரத்து செய்தேன். இப்போது சனிக்கிழமை மாலைகளில் நானும் அவர்களோடு வாவிக்குப் போகிறேன். ஏமாந்த வலி முழுவதும் போகவில்லை, அவர்களுக்கும் போகவில்லை.

சகோதரர்களே, நம்பிக் கேளுங்கள். நம் ஆண்டவர் கேட்டதைத் தருகிறவர். தந்தபின் நம்மிடமும் ஒன்று கேட்பார், மறுக்காதீர்கள். அம்மாவைப் பார்க்க ஊருக்கு வந்தேன், வியாழன் மட்டக்களப்புக்குப் புறப்படுகிறேன். "வெள்ளி சூரியன் மறையுமுன் வந்துவிடுவேன்" என்று தர்சினியிடம் சொல்லியிருக்கிறேன்.

"பாப்பம் அன்ரி" என்றாள்.