பின்பக்கம் நிறுத்திய வண்டி

அக்கா மூன்று சக்கர வண்டியில் முதன்முதலாக ஏறி உட்கார்ந்தபோது அவளுடைய வலது கால் லேசாக மேலே எழும்பியது. முழங்காலுக்குக் கீழே பொருத்தியிருந்த செயற்கைக் கால் அது. பத்து வருஷத்துக்கு மேலாக அப்பாவின் புல்லட்டை உதைத்துக் கிளப்பிய பழக்கம். இந்த வண்டியை உதைக்க வேண்டியதில்லை, பொத்தானை அழுத்தினால் போதும் என்றார் பட்டறைக்காரர். "அவ்வளவுதானுங்களா?" என்று கேட்டுவிட்டு அழுத்தினாள். நான் வாசலில் நின்றபடி, தெருவில் யார் யார் பார்க்கிறார்கள் என்று கவனித்துக்கொண்டிருந்தேன்.

இராசிபுரத்தில் எங்களுக்கு நான்கு தறிகள். அப்பா இறந்தபோது நான் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். சேலத்திலிருந்து நூல் எடுத்து வரவும், நெய்த சேலைகளைக் கடைகளில் சேர்க்கவும் ஆள் இல்லை. புல்லட்டை விற்றுவிடலாம் என்றாள் அம்மா. அக்கா அதை ஓட்டப் பழகிக்கொண்டாள். பின்னால் சேலைக்கட்டை வைத்துக் கட்டி, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அவள் கிளம்பினால் தெருமுனை வரை சத்தம் கேட்கும். "உங்க அண்ணன் போறாருடா" என்று கூட்டாளிகள் என்னைக் கேலி செய்வார்கள். பள்ளிக்கூடத்துப் பக்கம் வரவேண்டாம் என்று ஒருநாள் அவளிடம் சொன்னேன். "அப்ப நடந்து வா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். என்னைப் படிக்க வைத்தது அந்த வண்டியும் அவளும்தான். அது தெரிந்தும் எனக்குக் கூச்சமாகத்தான் இருந்தது.

நான் சேலத்தில் வேலைக்குச் சேர்ந்த வருஷம், நாமக்கல்லுக்குச் சேலை கொண்டுபோனவளைப் புதுச்சத்திரம் அருகே ஒரு லாரி இடித்துவிட்டது. சாப்பாட்டுக்கடை ஓரமாக நின்றிருந்த லாரி, பின்னால் பார்க்காமல் ரோட்டில் ஏறியிருக்கிறது. வலது காலைக் காப்பாற்ற முடியவில்லை. வண்டிக்குப் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. ஊன்றுகோலில் நின்றுகொண்டு அவளே அதை மேச்சேரிக்காரர் ஒருவருக்கு விற்றாள். "காலையில மட்டும் கொஞ்சம் அடம் பிடிக்குமுங்க. கோவிச்சுக்காம ரெண்டு மூணு உதை உதைங்க" என்று சொல்லி அனுப்பினாள். வண்டி கண்ணுக்கு மறைந்த பிறகும் சத்தம் தேயும்வரை அங்கேயே நின்றிருந்தாள்.

பிறகுதான் ஒரு ஸ்கூட்டரின் பின்சக்கரத்தை எடுத்துவிட்டு, இருபுறமும் சக்கரம் வைத்து இந்த வண்டியைச் செய்து வாங்கினோம். புல்லட்டில் திரும்பும்போது உடம்பைச் சாய்த்தால் வண்டியும் சேர்ந்து சாயும். இது சாயாது. முதல் வாரத்தில் பழக்கதோஷத்தில் உடம்பைச் சாய்த்துச் சாய்த்து இரண்டு முறை வேலியில் கொண்டுபோய் விட்டாள். "நான் சாயறேன், இது நட்டுவெச்ச கல்லாட்டம் நிக்குது" என்று அம்மாவிடம் சொல்லிச் சிரித்தாள். ஒரு மாதத்தில் சேலைக்கட்டோடு மறுபடி கடைகளுக்குப் போகத் தொடங்கிவிட்டாள்.

அந்தச் சமயத்தில்தான் எனக்கு ஆத்தூரில் பெண் அமைந்தது. பெண் வீட்டார் எங்கள் வீட்டுக்கு வந்த அன்று அக்கா நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். காலில் அடிபட்டிருக்கிறது என்று மட்டும் அவர்களிடம் சொல்லி வைத்திருந்தேன். நிச்சயத்தன்று எல்லோரும் வேனில் கிளம்பினோம். "என்னை ஏத்தி எறக்கறதுக்கு நாலு பேரு எதுக்கு? நான் என் வண்டியிலயே வாரேன்" என்றாள் அக்கா. ஆத்தூர் வரை அவ்வளவு தூரம் ஓட்டிப்போக அவளுக்கு ஆசையாகவும் இருந்திருக்கும். நான் அவளைத் தனியாகக் கூப்பிட்டேன். "மண்டபத்துக்கு முன்னால நிறுத்த வேண்டாங்க்கா. பின்பக்கம் ஒரு வழி இருக்குது, அங்க நிறுத்திக்கங்க" என்றேன். "சரி சாமி" என்றாள்.

பின்பக்க வழி சமையற்கட்டுக்குள் போனது. தரையெல்லாம் தண்ணீர். நான் முன்னால் பெரியவர்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தபோது உள்ளே பாத்திரம் உருளும் சத்தமும், "மூணு சக்கர வண்டியில வந்த அம்மா விழுந்துட்டாங்க" என்று ஒருவர் சொல்வதும் கேட்டன. என் பக்கத்திலிருந்த மாமனார், "யாருங்க அது?" என்றார். "தெரியலைங்க" என்றேன். எழுந்திருக்கவில்லை. சமையற்கட்டை அடுத்த அறையில் தலை பின்னிக்கொண்டிருந்த கல்யாணப்பெண்தான் பாதிப் பின்னலோடு ஓடிவந்து அக்காவைத் தூக்கியிருக்கிறாள். சற்று நேரத்தில் இருவரும் கைகோத்து வெளியே வந்தார்கள். அக்காவின் சேலை ஒரு பக்கம் முழுக்க நனைந்திருந்தது. முன்வரிசையில் அவளை உட்கார வைத்துவிட்டுத்தான் அந்தப் பெண் உள்ளே போனாள்.

கல்யாணத்துக்குப் பிறகு மனைவி ஒருமுறை கேட்டாள். "அண்ணி ஏங்க அன்னைக்குப் பின்பக்கம் வந்தாங்க?" அவங்களாத்தான் வந்தாங்க என்றேன். அவள் அக்காவிடமும் கேட்டிருக்கிறாள். "அங்க நெழலா இருந்துச்சு கண்ணு" என்றாளாம் அக்கா. மனைவி அதை அப்படியே நம்பிவிட்டாள். அன்றிலிருந்து அக்கா எங்கள் சேலம் வீட்டுக்கு வரும்போதெல்லாம் நிழலில் நிற்கும் என் காரை மனைவி வெளியே எடுக்கச் சொல்வாள். "அண்ணி வண்டி வெயில்ல நிக்க வேண்டாம்" என்பாள். எத்தனையோ வருஷமாக நானும் ஒன்றும் சொல்லாமல் காரை எடுத்துத் தெருவில் நிறுத்தியிருக்கிறேன்.

போன ஆடி மாதம் அப்படி ஒருநாள் காரை எடுத்துவிட்டு வந்தவனுக்கு அதற்கு மேல் மறைக்க முடியவில்லை. அக்கா ஊருக்குத் திரும்பியதும் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன், "தெரியலைங்க" என்று சொன்னதையும் சேர்த்து. அவள் திட்டவில்லை. மூன்றாம் நாள், "அவங்ககிட்டச் சொல்லிட்டு வாங்க" என்றாள்.

இராசிபுரம் போனேன். அக்கா தறியிலிருந்து வந்த சேலைகளைப் பிரித்து, இழை விட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டேன். அன்று பின்பக்கம் நிறுத்தச் சொல்லியிருக்கக் கூடாது, விழுந்தபோது எழுந்து வந்திருக்க வேண்டும் என்றேன். அவள் சேலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"விழுந்தது ஒண்ணும் பெரிசில்ல சாமி. எத்தனையோ தடவை விழுந்திருக்கேன். நீ சொன்னதும் நான் சரின்னு சொன்னேன் பாரு, அதுதான் இன்னும் மனசுல கெடக்குது. எதுக்குச் சரின்னேன்னு எனக்கே தெரியல."

மன்னிப்புக் கேட்க ஒரு வாக்கியம் தயாராக வைத்திருந்தேன். அது அவள் சொன்னதற்குப் பொருந்தவில்லை. நான் விழவைத்தது அவள் உடம்பை மட்டுமில்லை என்று அப்போதுதான் உறைத்தது. அக்கா மிச்சச் சேலைகளையும் பார்த்து முடித்து மடித்து வைத்தாள். பஸ் ஸ்டாண்டில் இறக்கி விடுகிறேன் என்று சாவியை எடுத்தாள். அவளுடைய அந்த வண்டியில் நான் அதுவரை ஏறியதே இல்லை. பின்னால் ஏறி உட்கார்ந்தேன். பஸ் ஸ்டாண்டுக்குக் குறுக்குச் சந்து ஒன்று இருக்கிறது. அக்கா கடைவீதி வழியாகவே மெதுவாக ஓட்டிக்கொண்டு போனாள்.