கழுத்துக் கருப்பு

நீடாமங்கலம் வட்டாரத்தில் விழா மேடை என்றால் முதலில் என் கடைக்குத்தான் ஆள் வரும். பெருமைக்காகச் சொல்லவில்லை என்று எழுதினால் அது பொய். பெருமைக்குத்தான் சொல்கிறேன். நாலாம் வகுப்போடு நின்றவள் நான். வாடகைக்கு விட இரண்டு அண்டா, ஒரு ஜமக்காளம் என்று தொடங்கி, பந்தல், சீரியல் லைட், ஜெனரேட்டர் வரை என் கையால் சேர்த்தேன். வீட்டுக்காரர் சவுதியில் டிரைவர். அங்கிருந்து வந்த பணத்தை மற்ற பெண்கள் வளையலாக மாற்றியபோது நான் ராஜா நாற்காலி வாங்கினேன். சிவப்பு வெல்வெட், சிங்க முகம் வைத்த கைப்பிடி. மஞ்சள் நீராட்டு விழாவில் தங்கள் பெண் அதில்தான் உட்கார வேண்டும் என்று தேதியையே தள்ளி வைத்தவர்கள் உண்டு.

வெளிநாட்டுப் பணம் வரவர மேடை பெரிதாகிக்கொண்டே போனது. அதில் உட்காரும் பிள்ளைகளோ வருஷத்துக்கு வருஷம் சிறுசாகத் தெரிந்தார்கள். கால் தரையில் எட்டாமல் தொங்கும். வீடியோவில் பார்க்க நன்றாக இல்லை என்று போட்டோக்காரர் குறைப்பட்டுக்கொண்டார். ஆசாரியிடம் சொல்லி ஒரு குட்டை முக்காலி செய்து, அதற்கும் வெல்வெட் சுற்றினேன். எல்லோரும் என் யோசனையைப் பாராட்டினார்கள். கால் ஏன் எட்டவில்லை என்று நானும் யோசிக்கவில்லை, அவர்களும் யோசிக்கவில்லை.

யோசிக்க வைத்தது என் காலில் ஏறிய ஒரு கட்டுக்கம்பி. பந்தல் பிரிக்கும்போது குத்தியது. சின்னப் புண்தான், ஆனால் மாதம் இரண்டாகியும் ஆறவில்லை. தஞ்சாவூருக்குப் போனேன். நொண்டி நடந்ததால் துணைக்கு நாத்தனார் வந்தாள், என் வீட்டுக்காரரின் தங்கை. பள்ளிக்கூடம் லீவு என்பதால் மகளும் கூட வந்தாள். அவளுக்கு வயது எட்டு முடிந்து ஒன்பது நடந்துகொண்டிருந்தது.

டாக்டரம்மா ரத்தப் பரிசோதனைக் காகிதத்தைப் பார்த்துவிட்டு, "சர்க்கரை ரொம்ப ஏறியிருக்கும்மா. வந்து பல வருஷம் ஆகியிருக்கும், நீங்க கவனிக்கல" என்றார். எங்கள் தெருவில் சர்க்கரையால் கால் எடுத்தவரின் வீடு என் கண்ணில் வந்து நின்றது. அதற்குள் டாக்டரம்மாவின் பார்வை என் மகளிடம் போய்விட்டது.

"இங்க வா பாப்பா. கழுத்துல என்ன?"

பின்கழுத்தில் கருப்பாக, தடிப்பாக ஒரு பட்டை இருந்தது. நான் முந்திக்கொண்டேன். "வெயில்ல விளையாடி அழுக்கு ஏறிக்கிடக்கு டாக்டர். தேய்க்க விட மாட்டேங்கிறா."

"பீர்க்கங்கா நாரால தேய்க்கிறாங்க டாக்டர். நேத்து ரத்தமே வந்துச்சு" என்று மகள் புகார் சொன்னாள்.

"இனிமே தேய்க்காதீங்க. இது அழுக்கு இல்லம்மா. உள்ளுக்குள்ள சர்க்கரையச் சமாளிக்க உடம்பு கஷ்டப்படுது, அதான் தோல்ல தெரியுது. வயசுக்கு ரொம்ப உயரமாவும் இருக்கா. நீங்க எத்தனை வயசுல பெரியவளானீங்க?"

"பன்னெண்டு" என்றேன்.

"பன்னெண்டுதான் டாக்டர். ருது ஜாதகம் எங்க வீட்லதான் இருக்கு" என்றாள் நாத்தனார்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நான் பெரியவளானது ஒன்பது வயதில். அப்போது அது வெளியே சொல்லக்கூடாத சேதி. மகளுக்கு மஞ்சள் காமாலை என்று சொல்லி என் அம்மா பள்ளிக்கூடத்தை நிறுத்தினாள். பன்னிரண்டு வயதில் நல்ல நாள் பார்த்து, அன்றுதான் ஆனதாக ஊரைக் கூட்டித் தண்ணீர் ஊற்றினாள். அந்த நேரத்தை வைத்து ருது ஜாதகம் கணித்தார்கள். அதைப் பார்த்துத்தான் இந்த வீட்டில் என்னைப் பெண்ணெடுத்தார்கள். என் முதல் பிள்ளை தங்காமல் போனபோது மாமியார் அதைத் தூக்கிக்கொண்டு ஜோசியரிடம் ஓடினார். இதில் ஒரு தோஷமும் இல்லை என்று அவர் சொன்னதால்தான் நான் அந்த வீட்டில் நிம்மதியாகச் சாப்பிட்டேன். ஜாதகமே பொய் என்று தெரிந்தால் செத்த பிள்ளையும் என் தலையில்தான் விழும்.

டாக்டரம்மா தலையாட்டினார். "பெரும்பாலும் அம்மா மாதிரிதான் பொண்ணும். அப்ப இன்னும் நாள் இருக்கு. இன்னிக்குச் சர்க்கரைக்கு மட்டும் ரத்தம் குடுத்துட்டுப் போங்க. வளர்ச்சிய ஆறு மாசம் கழிச்சுப் பார்ப்போம்."

"பெரியவளாகுறதுக்கும் சர்க்கரைக்கும் என்ன சம்பந்தம் டாக்டர்?"

"ரொம்பச் சீக்கிரம் ஆகுற பொண்ணுங்களுக்குப் பின்னாடி சர்க்கரை வர வாய்ப்பு கொஞ்சம் அதிகம். வந்தே தீரும்னு இல்ல. உடம்பு கனமா இருந்து, வீட்டுலயும் இருந்தா இன்னும் கவனமா இருக்கணும்."

வெளியே பெஞ்சில் உட்கார்ந்தோம். மகள் ரத்தம் கொடுத்த இடத்தில் பஞ்சை அழுத்திக்கொண்டு காலாட்டினாள். பொங்கலுக்கு எடுத்த பாவாடை அதற்குள் கணுக்காலுக்கு மேலே ஏறியிருந்தது. ஆறு மாதம் என்கிறாரே, எனக்கு ஆனது இதே வயதில்தானே. நான் இன்னும் ஆறு மாதம் வாயை மூடிக்கொண்டால் இவளுக்கு என்னவெல்லாம் ஆகும்? கிடங்கில் விளையாடும்போது இவள் ராஜா நாற்காலியில் ஏறி உட்காருவாள். அந்த முக்காலி மேல் இவள் கால் இருப்பது போலத் தோன்றியது. பந்தக்கால் சாய்ந்தபோதும், ஜெனரேட்டர் தீப்பிடித்தபோதும் நான் அப்படிப் பயந்ததில்லை.

எழுந்து மறுபடி உள்ளே போனேன். மாத்திரை சந்தேகம் என்று நினைத்து நாத்தனாரும் பின்னாலேயே வந்தாள். அவளை வெளியே இரு என்று சொல்ல ஒரு காரணம் தேடினேன். கிடைக்கவில்லை.

"டாக்டர், எனக்குப் பன்னெண்டு இல்ல. ஒம்பது."

"அட, இதை முதல்லயே சொல்லக் கூடாதாம்மா?" என்று அவர் பேனாவை எடுத்தார். ஆறு மாதம் காத்திருக்க வேண்டாம் என்று, எலும்பு வளர்ச்சி பார்க்க மணிக்கட்டுக்கு எக்ஸ்ரே எழுதினார். திருச்சியில் பார்க்க வேண்டிய பெரிய டாக்டருக்கும் சீட்டு எழுதினார். எனக்குப் பின்னால் நாத்தனார் எல்லாவற்றையும் கேட்டபடி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பஸ் அம்மாபேட்டை வந்ததும்தான் நாத்தனார் பேச்சை எடுத்தாள். மகள் அவள் மடியில் தூங்கிவிட்டாள்.

"பத்துப் பொருத்தமும் ஜோரா இருக்குன்னு அந்த ஜோசியருக்கு வேட்டி துண்டெல்லாம் வச்சுக் குடுத்தோமே அண்ணி. யாரு ஜாதகத்துக்குக் குடுத்தோம்?"

டாக்டரம்மா எழுதிய சீட்டுகளை மடித்துப் பைக்குள் வைத்தேன்.

"வாடகைக்கு விடுற அண்டாவுக்கெல்லாம் அடியில பேர் வெட்டி வச்சிருக்கீங்க. உங்க வயசத்தான் மாத்தி வெட்டிட்டீங்க."

"அத்தைகிட்ட சொல்லிருவியா?"

"சொல்லாம? வயித்துக்குள்ள வச்சுக்கிட்டுச் சோறு எறங்குமா எனக்கு?" என்றவள், குனிந்து பிள்ளையின் கழுத்தைப் பார்த்தாள். நார் தேய்த்த இடம் பொருக்குத் தட்டியிருந்தது. முந்தானையை இழுத்து வெயில் படாமல் மூடினாள். "மொதல்ல இவ ரிசல்ட் வரட்டும்."

ரிசல்ட் வந்தது. சர்க்கரை நோய் இன்னும் வரவில்லை, வாசல் வரை வந்து நிற்கிறது என்றார் டாக்டரம்மா. எலும்பு வளர்ச்சி வயதை முந்திக்கொண்டு ஓடுகிறது என்று எக்ஸ்ரே சொன்னது. திருச்சி டாக்டர் எல்லாம் பார்த்துவிட்டு, பெரியவளாவதைத் தள்ளிப்போடும் ஊசி வேண்டாம், சாப்பாட்டைக் கவனியுங்கள், ஓடியாட விடுங்கள், விடாமல் ரத்தம் பாருங்கள் என்றார். மாமியாருக்கும் சேதி போனது. ஒரு மாசம் அவர் என் கையால் தண்ணீர் வாங்கிக் குடிக்கவில்லை. அந்த ஒரு மாசமும் நான் பயந்தது அவருக்கு இல்லை. சவுதியிலிருந்து வந்த சாக்லேட் டப்பாவை எங்கே ஒளிப்பது என்பதே என் கவலையாக இருந்தது.

மகள் பத்து வயதில் பெரியவளானாள். நாளை மறைக்கவில்லை, நேரத்தை மாற்றவில்லை. கருப்பட்டி போட்ட களியும் லட்டுமாகத் தட்டெடுத்து வந்த சொந்தக்காரர்களை நாத்தனார் வாசலிலேயே மறித்தாள். "எங்க புள்ளைக்கு இனிப்பு வேணாம். பூ இருந்தா குடுங்க, இல்லன்னா ஆசீர்வாதம் பண்ணிட்டுக் கெளம்புங்க." ஊருக்கெல்லாம் மேடை போட்டவள் சொந்த மகளுக்குப் போடவில்லையே என்று கேட்டார்கள். நாற்காலி ரிப்பேர் என்று சொன்னேன்.

இப்போது மகள் கல்யாணமாகி, சிங்கப்பூரில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறாள். நாலாம் வகுப்போடு நின்றவளின் மகள். வீடியோவில் வந்தால் சாப்பிட்டாயா என்று கேட்பதற்கு முன்னால் நான் கேட்பது வேறு. "திரும்பு, கழுத்தக் காட்டு." சிரித்துக்கொண்டே முடியைத் தூக்கிக் காட்டுவாள். சர்க்கரை இன்னும் அந்த வாசலிலேயே நிற்கிறது.

போன வாரம் அவள் முழுகாமல் இருப்பதாகச் சேதி சொன்னாள். நேற்று மறுபடி அழைத்தாள்.

"நாளைக்கு ஆஸ்பத்திரியில சர்க்கரைத் தண்ணி குடுத்து ரத்தம் எடுப்பாங்களாம்மா. எத்தனை வயசுல வயசுக்கு வந்தேன்னு கேட்டாங்க, பத்துன்னேன். அம்மாவுக்குச் சர்க்கரை இருக்கான்னு கேட்டாங்க. இருக்கு, அவங்க ஒம்பதுலயே பெரியவளாயிட்டாங்கன்னு சொல்லிட்டேன்."

மார்க்கெட்டில் கத்திரிக்காய் விலை சொல்வது போலச் சொன்னாள்.

"சரி, திரும்பு. கழுத்தக் காட்டு."

"அம்மா, ஆபீஸ்ல இருக்கேன்."

"இருந்தா என்ன, காட்டு" என்றேன். காட்டினாள். படம் தெளிவாக இல்லை. கருப்பா, நிழலா, தெரியவில்லை.