சுண்டக் குழம்பும் ஒரு பரங்கிக்காயும்

பொங்கலன்று வைத்த குழம்பை மறுநாள் காலையில் மண்சட்டியோடு அடுப்பிலேற்றி, விறகை வெளியே இழுத்துத் தணலில் விட்டால், மொச்சையும் கருணைக்கிழங்கும் புளியோடு கரைந்து அடிப்பிடிக்கிற ஒரு மணம் தெருவரைக்கும் வரும். அதைச் "சுண்டக் குழம்பு" என்போம். மாட்டுப் பொங்கல் காலையில் அந்தச் சட்டியிலேயே சோற்றைப் போட்டுப் பிசைந்து, வரிசையாக நிற்கும் பிள்ளைகள் எங்கள் மூவர் கையிலும் அம்மா உருண்டை உருண்டையாக வைப்பாள். அப்பா மட்டும் தனியே இலை போட்டுத்தான் சாப்பிடுவார். ஆம்பளை கையேந்தி நிற்கக் கூடாதென்பது அவர் கொள்கை.

ஒரு வருடம் அம்மா கூரையில் ஏற்றிவிட்ட பரங்கிக்கொடியில் ஒரே ஒரு காய்தான் தேறியது. பொங்கல் குழம்புக்கென்று அதைப் பொத்திப் பொத்தி வைத்திருந்தாள். அரிமளத்தில் இருக்கும் தன் தங்கைக்குப் பொங்கல் சீர் கொண்டுபோன அப்பா, ஒரு வார்த்தை கேட்காமல் அதையும் பறித்துச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போய்விட்டார்.

"பரங்கிக்கா இல்லாம என்ன பொங்கக் கொழம்பு?" என்றாள் அம்மா. அதோடு அவரிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள். பொங்கலன்று இலையில் உட்கார்ந்தவரிடமும் நேராகக் கேட்கவில்லை.

"டேய், ஒங்கப்பாவுக்குச் சோறு வேணுமான்னு கேளு."

"வேணும்னு சொல்லுடா."

கைக்கெட்டும் தூரத்தில் இருந்த இருவருக்கும் நடுவே நான் நின்றேன். இனி இவர்கள் பேசவே மாட்டார்களோ என்று பயமாக இருந்தது.

மறுநாள் அம்மா தலைகுனிந்தபடி உருண்டை வைத்துக்கொண்டே வந்தாள். கடைக்குட்டியான எனக்குப் பின்னாலிருந்து, மண்வெட்டி பிடித்துக் காய்த்த ஒரு கை நீண்டது.

"இது யாரு கையி? அரிமளத்துக்குக் காயத் தூக்கிட்டுப் போன கையில்ல?"

"அதே கைதான். இனிமே ஒன்னையக் கேக்காம ஒரு பிஞ்சக்கூடத் தொடாது."

"தொட்டுத்தான் பாருங்களேன். ம், நல்லாக் குழிச்சுப் பிடிங்க, சிந்துது."

அதற்குப் பிறகு, சண்டை இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஒவ்வொரு மாட்டுப் பொங்கலுக்கும் அப்பா எங்களுக்குப் பின்னால் வந்து நின்றுவிடுவார்.

இப்போது எங்கள் வீட்டில் மிஞ்சிய குழம்பு பிரிட்ஜுக்குள் போய்விடுகிறது. பிள்ளைகள் எழுந்திருக்கிற நேரத்தில் அவரவர் தட்டில் போட்டுச் சாப்பிடுகிறார்கள். அதிலொன்றும் குறையில்லை, வயிறு நிறையத்தான் செய்கிறது. ஆனால் எனக்கும் என் மனைவிக்கும் பேச்சு நின்றுபோனால், பிள்ளைகளோடு பிள்ளையாகப் போய் நிற்க ஒரு வரிசை இல்லை. நானே வாயைத் திறந்து பேச வேண்டியிருக்கிறது. கூச்சக்காரனுக்கு அதைவிடக் கஷ்டம் வேறில்லை.