சித்தியின் தனி அடுப்பு

என் அப்பாவும் சித்தப்பாவும் அரசாங்கத்துக்காகப் பிரிந்தார்கள். அதுவரை இருவரும் ஒரு சோப்புக் கட்டியைக்கூடத் தனித்தனியாக வைத்துக்கொண்டதில்லை.

மணிமுத்தாறு அணைக்கு மேலே மலையில், தேயிலைத் தோட்டத்து லைன் வீடு ஒன்றில் இருந்தோம். இரண்டு அறை, பின்னால் தகரம் போட்ட சமையற்கட்டு. கார்த்திகை பிறந்துவிட்டால் மதியம் மூன்று மணிக்கே மூடுபனி வாசலுக்கு வந்து நிற்கும். விறகு எப்போதும் ஈரம். மண்ணெண்ணெய் ஊற்றாமல் எதுவும் பற்றாது. அந்த வருடம் சித்தி தாய்வீட்டிலிருந்து மூன்று மாதக் கைக்குழந்தையோடு மலையேறி வந்திருந்தாள். குளிரில் பிள்ளையின் உள்ளங்கால் நீலம் பாய்ந்துவிடும். துணியை அனலில் காட்டிக் காட்டிச் சுற்றவேண்டும். ரேஷன் மண்ணெண்ணெய் பாதி மாதம்கூட வரவில்லை.

அப்போதுதான் கீழேயிருந்து பஸ்ஸில் ஒரு செய்தி வந்தது. மலையில் இருக்கிற ஏழைக் குடும்பங்களுக்குக் குளிர்காலம் முடிகிற வரை ரேஷனில் கூடுதல் மண்ணெண்ணெய், கார்டுக்கு ஒரு டின். எங்கள் ஆறு பேருக்கும் ஒரே கார்டு. சித்தப்பாவுக்குத் தனிக் கார்டு வேண்டுமென்றால் தனி அடுப்பு இருக்கவேண்டும். அதை ஒரு ஆபீசர் நேரில் வந்து பார்த்து எழுதுவார்.

“அண்ணே, நாம சண்டை போட்டுப் பிரிஞ்சிருவோம்” என்றார் சித்தப்பா.

“எதுக்குலே?”

“மண்ணெண்ணெய்க்குத்தான்.”

அப்பா தலையைச் சொறிந்தார். “காரணம் கேட்டா என்ன சொல்லுவ?”

“பொம்பளையளுக்கு ஒத்துக்கலைன்னு சொல்லுவோம். அதுக்கு மேல எவனும் காரணம் கேக்க மாட்டான்.”

எல்லோரும் சிரித்தார்கள். அம்மா கண்ணில் நீர் வரச் சிரித்தாள். சித்தியும் பிள்ளையின் தலைக்குப் பின்னால் முகத்தை வைத்துக்கொண்டு சிரித்தாள்.

மறுநாளே சித்தி சமையற்கட்டின் எதிர் மூலையில் அடுப்புப் போட ஆரம்பித்தாள். மூன்று கல்லை வைத்து முடித்திருக்கலாம். அவள் ஓடையிலிருந்து களிமண் எடுத்து வந்து, வைக்கோல் கலந்து பிசைந்து, பக்கத்தில் இரண்டாவது சட்டிக்கு ஒரு கொடியடுப்பும் வைத்து, வாய்விளிம்பை விரலால் வழித்து வழித்து மெருகேற்றினாள். காய்ந்ததும் மேலே கோலமும் போட்டாள்.

“ஏட்டி, ஆபீசர் ஒரு நிமிசம் எட்டிப் பாத்துட்டுப் போவப் போறாரு. இதுக்கு இம்புட்டு வேலைப்பாடா?” என்றாள் அம்மா.

“பொய்யின்னு தெரியக் கூடாதுல்லாக்கா.”

ஆபீசர் வருகிற அன்று காலையில் அம்மா பருப்புக் குழம்பு வைத்து, பாதியைச் சித்தியின் சட்டியில் ஊற்றிவிட்டுக் கொழுந்து பறிக்கப் போனாள். சித்தி அந்த அடுப்பில் சும்மா தீ மட்டும் வைத்தால் போதும் என்பது ஏற்பாடு. எனக்கும் ஒரு வசனம் கொடுத்திருந்தார்கள். “நாங்க வேற, அவிய வேற.” அதைச் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

அம்மா தலை மறைந்ததும் சித்தி தன் சட்டியிலிருந்த குழம்பை அம்மாவின் சட்டிக்கே மாற்றினாள். பிறகு டிரங்குப் பெட்டியின் அடியிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்தாள். கருவாடு. அப்பாவுக்கு அந்த வாடையே ஆகாது என்பதால் எங்கள் வீட்டில் அது சமைப்பதில்லை. சித்தி கல்யாணமாகி வந்து மூன்று வருடம் ஆகியிருந்தது.

“அம்மாட்ட சொல்லிராதலே” என்றாள். நான் யாரிடமும் எதையும் சொல்கிற பிள்ளை இல்லை என்பது அவளுக்குத் தெரியும்.

மதிய பஸ்ஸில் ஆபீசர் வந்தார். கீழ்நாட்டு மெல்லிய சட்டை, பற்கள் கிடுகிடுத்தன. அம்மா, அப்பா, சித்தப்பா மூவரும் வேலையிலிருந்து ஓடி வந்தார்கள். அவர் நேராக என்னிடம் குனிந்து, “தம்பி, நீ எந்த அடுப்புல சாப்பிடுத?” என்றார்.

வசனம் தொண்டைக்குள் போய் ஒளிந்துகொண்டது. நான் கால் கட்டைவிரலைப் பார்த்தேன். அப்பா என்னைப் பார்த்தார். சித்தப்பா இருமினார். ஆபீசருக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

“நேத்துப் போட்ட அடுப்பா வே இது?” என்று கேட்டபடி அம்மாவின் குழம்புச் சட்டியைத் திறந்து பார்த்தார். பருப்பு. அடுத்து சித்தியின் சட்டிக்குப் போனார். அங்கேயும் பருப்பு இருக்கும் என்று நம்பிக்கொண்டிருந்த அம்மாவுக்கு, இரண்டு சட்டியிலும் ஒரே குழம்பை வைத்த தப்பு அப்போதுதான் உறைத்தது. புடவைத் தலைப்பைக் கசக்கினாள்.

மூடியைத் தூக்கியதும், அதுவரை ஈர விறகுப் புகைக்குள் அமுங்கியிருந்த வாடை சமையற்கட்டு முழுக்க எழுந்தது. அப்பா மூக்கைப் பொத்திக்கொண்டு பனிக்குள் ஓடினார். ஆபீசர் கண்ணை மூடி மூச்சை இழுத்தார்.

“நெத்திலியா தாயீ?”

“ஆமா சார்.”

“தனி அடுப்புதான். இதுல என்ன சந்தேகம்” என்று எழுதிக்கொண்டார். எழுதி முடித்தும் கிளம்பவில்லை. அந்த அடுப்பு முன்னாலேயே குத்தவைத்துக் குளிர் காய்ந்தார். சித்தி ஒரு தட்டில் சோறு போட்டாள். பஸ்காரர் மூன்று தடவை ஹாரன் அடித்த பிறகுதான் கை கழுவினார்.

அவர் போனதும் அம்மா அந்தச் சட்டியின் மூடியைத் திறந்தாள். பிறகு சித்தியின் அடுப்பருகே உட்கார்ந்து, குழம்பை உள்ளங்கையில் ஊற்றி நக்கிப் பார்த்தாள்.

“உப்பு தூக்கல்” என்றாள். இன்னொரு தடவை நக்கிவிட்டு, “ஏட்டி, இத்தன நாளும் வாயத் தொறந்து சொன்னா என்ன?” என்றாள்.

சித்தி அம்மாவுக்கு ஒரு தட்டை எடுத்து வைத்தாள். அம்மா இரண்டாம் தடவையும் சோறு வாங்கிச் சாப்பிட்டாள்.

கார்டு வந்தது, டின்னும் வந்தது. பிள்ளையின் கால் சிவந்து சூடாக இருந்தது. மார்கழி முழுக்க இரண்டு மூலையிலும் அடுப்பு எரிய, சமையற்கட்டு வெதுவெதுப்பாக இருந்தது. அம்மாவும் சித்தியும் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து, முன்னைவிட அதிகமாகப் பேசிக்கொண்டார்கள்.

தை போய், மாசி போய், வெயில் வந்தது. கூடுதல் மண்ணெண்ணெயும் நின்றது. சித்தியின் அடுப்பு மட்டும் நிற்கவில்லை. ஆபீசர் திரும்ப வந்து பார்ப்பார் என்றுதான் அவள் பயந்து எரித்துக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்தேன். பாவமாக இருந்தது. அதனால் தினமும் மதிய பஸ் வரும்போது ஓடிப்போய், இறங்குகிற ஒவ்வொருவரையும் பார்த்துவிட்டு, மூச்சிரைக்கத் திரும்பி வந்து அவளிடம் சொல்வேன்.

“சித்தி, இன்னைக்கும் அவரு வரல. அடுப்ப அணைச்சிரலாம்.”

சித்தி ஊதுகுழலை எடுத்துக்கொண்டே சொல்வாள்:

“நாளைக்கு வந்தாலும் வருவாருலே. எதுக்கும் எரியட்டும்.”