மஞ்சள் துணி கட்டிய ஆறு பால்மரங்கள்

1. குரங்கு செய்த வேலை

முதல் மரத்தடியில் குங்குமம் தடவிய எலுமிச்சம்பழம் ஐந்து கிடந்தன. இரண்டாவது மரத்துக்குச் செம்பருத்தி மாலை. மூன்றாவது மரத்தைச் சுற்றி மண் சொதசொதவென்று மஞ்சளாக இருந்தது.

ஈப்போவில் ஒரு தனியார் கல்லூரியில் இருபத்திரண்டு வருஷமாக லேப் அசிஸ்டண்டாக இருக்கிறேன். ஃபார்மலின் கொட்டிய அறைக்குள் முதல் ஆளாகப் போனவன். தப்பிய வெள்ளை எலியைப் பிரின்சிபால் மேஜைக்கு அடியில் பிடித்தவன். பீடோர் ஊருக்குப் பக்கத்துப் பழைய தோட்டத்தில் அன்றுதான் முதல்முறையாக இரண்டடி பின்னால் நகர்ந்தேன்.

பக்கத்தில் ஐஸ் பெட்டியோடு எஸ்தர் நின்றாள். உயிரியல் கடைசி வருஷ மாணவி. பழைய பால்மரங்களின், அதாவது ரப்பர் மரங்களின், வேர்மண்ணில் என்னென்ன பாக்டீரியா இருக்கின்றன, ஆறு வாரத்தில் அவை எப்படி மாறுகின்றன என்பது அவள் ஆராய்ச்சி. இதே ஆறு மரத்தில் முதல் சாம்பிள் எடுத்தாகிவிட்டது. இன்று இரண்டாவது. ரிப்போர்ட் கொடுக்க இன்னும் ஒரு மாதம். வேறு மரம் தேடலாம் என்றால் சுற்றிலும் செம்பனை எண்ணெய்த் தோட்டம். மிஞ்சியிருக்கும் பால்மரத் துண்டு இது ஒன்றுதான்.

"அண்ணே, இது என்னா?"

"கொரங்கு."

"கொரங்கு மாலை கட்டுமா?"

"பீடோர் கொரங்கு கட்டும்லா," என்றான் பின்னால் வந்த தினேஷ். இவன் பிசினஸ் மாணவன். என் கார் ரிப்பேரில் இருந்ததால் தன் காரில் எங்களைக் கூட்டி வந்தவன்.

எஸ்தர் சிரிக்கவில்லை. குனிந்து மண்ணை மோந்து பார்த்தாள். "புளிச்ச வாட. பால் ஊத்திருக்காங்க. மஞ்சத்தண்ணியும். என் பாக்டீரியா எல்லாம் போச்சு." அழவில்லை. ஐஸ் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்தாள். அழுதிருந்தால் பரவாயில்லை என்று தோன்றியது.

2. டேப் தீர்ந்த கதை

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். மரங்களுக்கு அடையாளம் கட்ட ஆரஞ்சு நிறப் பிளாஸ்டிக் டேப் உண்டு. முதல் முறை வந்த அன்று அது தீர்ந்திருந்தது. ஆர்டர் போட வேண்டியவன் நான். போடவில்லை. அன்று வந்தது என் காரில். அதன் பின்பெட்டியைத் திறந்தேன். தைப்பூசத்துக்குக் காவடி எடுத்தபோது வாங்கிய மஞ்சள் துணி மிச்சம் கிடந்தது. நீளமாகக் கிழித்து ஆறு மரத்திலும் கட்டினேன். தூரத்திலிருந்தே தெரியட்டும் என்று துணிக்கு மேலே சிவப்பு பெயிண்டில் ஒரு வட்டப் பொட்டு வேறு.

"டேப் இல்லியா அண்ணே?" என்று கேட்டாள் எஸ்தர்.

"அதவிட இது நல்லா தெரியும்."

ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற பெண். அவளுக்கு அது வெறும் துணி. வருஷா வருஷம் காவடி எடுக்கிற எனக்கும் அது வெறும் துணியாகத்தான் தெரிந்தது. அதுதான் ஆச்சரியம். நல்லா தெரியும் என்று சொன்னேன் அல்லவா. தெரிந்துவிட்டது.

3. தினேஷின் கேள்விகள்

துணியை எல்லாம் அவிழ்த்துவிட்டு, ஒன்றும் நடக்காதது போல மண்ணை அள்ளிக்கொண்டு கிளம்பிவிடலாம் என்பது என் திட்டம். முதல் முடிச்சில் கை வைத்தேன்.

"தம்பி, செருப்ப கழட்டிட்டு தொடுங்க."

கையில் தூக்குச்சட்டியோடு ஓர் அக்கா நின்றார். பெயர் செல்லம்மா. இங்கே ரப்பர் பால் எடுத்தவர்; தோட்டம் மூடிய பிறகும் பக்கத்துக் கம்பத்தில், அந்தச் சின்னக் கிராமத்திலேயே இருப்பவர். நான் செருப்பைக் கழற்றினேன். பயத்தில் தொப்பியையும் கழற்றினேன்.

தினேஷுக்கு அந்த செமஸ்டர் வாடிக்கையாளர் ஆய்வு என்று ஒரு பாடம். கேள்வித்தாளோடு ஆட்களைப் பிடித்துக் கேட்க வேண்டும். அவன் கிளிப்போர்டை எடுத்தான். "அக்கா, எத்தன நாளைக்கு ஒருக்கா வருவீங்க?"

"வெள்ளி தவறாம. இன்னிக்கி ஆறாவது."

"எவ்ளோ ஊத்துவீங்க?"

"ஒரு மரத்துக்கு ஒரு டம்ளர் பாலு, ஒரு டம்ளர் மஞ்சத்தண்ணி. இன்னிக்கி பாலு இப்பதான் கொண்டாந்தேன். மஞ்சத்தண்ணி காலையிலயே ஊத்தியாச்சு."

"ஆறு மரத்துக்குமா?"

"அந்தப் பக்கத்து மூணுக்கு எங்க போறது? நடுவுல பாரிட் இருக்கு. என் முட்டிய வச்சிக்கிட்டு தாண்ட முடியுமா?"

எஸ்தர் ஐஸ் பெட்டியிலிருந்து எழுந்தாள். பாரிட் கால்வாய்க்கு அந்தப் பக்கம் மூன்று மரம், ஒரு சொட்டுப் பால் படாமல். இந்தப் பக்கம் மூன்று மரம், அளந்து ஊற்றியது; இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். தினேஷ் கையிலிருந்து பேனாவைப் பிடுங்கி, டம்ளரின் அளவைக் கேட்டு எழுத ஆரம்பித்தாள்.

"பால்மரத்துக்கு எதுக்குக்கா பாலு?" என்றான் தினேஷ்.

"முப்பது வருஷம் அது குடுத்துச்சு. நான் ஒரு டம்ளர் குடுத்தா கொறஞ்சா போயிரும்?" பிறகு என்னைப் பார்த்தார். "தோட்டத்துக் கோயில ஒடச்சப்ப வேற எடம் தரேன்னாங்க தம்பி. அப்புறம் யாரும் வரவே இல்ல. மஞ்சத்துணிய பாத்ததும் இதான் எடம்னு காட்டிட்டாங்கன்னு நெனச்சேன்."

எந்த இடத்திலும் ஒரு ஜோக் வைத்திருப்பவன் நான். தொப்பியைக் கையில் பிடித்தபடி உண்மையைச் சொன்னேன்.

"துணி நான் கட்டுனதுக்கா. மரத்துக்கு அடையாளம் வைக்க."

அவர் துணியின் நுனியைத் தொட்டுப் பார்த்தார். "அப்ப எடம் குடுக்கலியா?"

"இல்லக்கா."

தூக்குச்சட்டியைத் திறந்து, மூன்று மரத்துக்கும் பாலை ஊற்றிவிட்டுத்தான் போனார்.

4. பாரத்தில் எழுதிய எண்

திங்கட்கிழமை டாக்டர் சோங் முன்னால் நின்றோம். எஸ்தரின் ஆராய்ச்சிக்கு மேற்பார்வையாளர். குரலை உயர்த்தவே மாட்டார். அதுதான் பயம்.

"துணி யாருடைய யோசனை?"

"நான்தான் கவனிக்காம..." என்று எஸ்தர் ஆரம்பித்தாள். ஒரு வினாடி, ஒரே ஒரு வினாடி, அவளே ஏற்றுக்கொள்ளட்டும் என்று இருந்தேன். அந்த வினாடியை நினைத்தால் இன்றைக்கும் காது சுடுகிறது.

"நான் டாக்டர். டேப்பும் நான்தான் வாங்கல."

அவர் தினேஷின் தாளை இரண்டு முறை படித்தார். எத்தனை முறை, எவ்வளவு, எந்த மரம். "ஆராய்ச்சித் தலைப்பை மாற்ற விண்ணப்பப் பாரம் இருக்கிறது. நிரப்பிக் கொண்டு வா," என்றார் எஸ்தரிடம். என்னிடம் டேப் ஆர்டர் போடும் தாளை நீட்டினார். திட்டியிருக்கலாம்.

அன்று எடுத்த இரண்டு பக்க மண்ணிலும் பாக்டீரியா வேறு வேறாக வளர்ந்தன. காரணம் மஞ்சளா, பாலா, கால்வாயா என்று மூன்று மூன்று மரத்தை வைத்துச் சொல்ல முடியாது என்று எஸ்தர் எழுதினாள். மார்க் கிடைத்தது அந்த நேர்மையான வரிக்குத்தான். நன்றி சொல்லும் பக்கத்தில் செல்லம்மா அக்கா பெயர் முதலில் இருந்தது. என் பெயர் பிழைகள் என்ற பகுதியில்.

ஆராய்ச்சி முடிந்தால் மரத்தில் கட்டிய அடையாளங்களை அகற்றிவிட்டுப் பாரம் நிரப்ப வேண்டும். தனியாகப் போனேன். கால்வாயைத் தாண்டி மூன்றை அவிழ்த்தேன். இந்தப் பக்கம் வந்தேன். செருப்பைக் கழற்றினேன். கட்டியபடியே இருக்கட்டும் என்று திரும்பிவிட்டேன். கட்டியவை ஆறு, அகற்றியவை மூன்று என்று பாரத்தில் எழுதினேன். டாக்டர் சோங் அந்த மூன்றின் மேல் விரலை வைத்து என்னைப் பார்த்தார். பிறகு கையெழுத்துப் போட்டார்.

இந்த வேலைக்கு வரும் தம்பி தங்கைகளுக்கு: டேப் தீர்வதற்கு முன்பே ஆர்டர் போடுங்கள். மரத்தில் எதைக் கட்டுவதாக இருந்தாலும், அங்கே யார் எதற்காகக் காத்திருக்கிறார்கள் என்று முதலில் கேட்டுவிடுங்கள்.