ஒன்றும் நடக்காத ஒரு வருஷம்

கொழும்பு கொட்டாஞ்சேனையில் ஒரு சட்டத்தரணி அம்மாவிடம் நான் கிளார்க். அடிக்கிற புருஷனை வாசலோடு நிறுத்துகிற பாதுகாப்புக் கட்டளை ஒரு வருஷத்தில் காலாவதியாகிவிடும், அதற்கு முன்னம் அதை நீட்டிக்க ஓடுவது என் பிழைப்பு. வருஷாவருஷம் லைசன்ஸ் புதுப்பிக்கக் கியூவில் நின்று கால் கடுத்தவர்களே, இந்தத் தலையிடி உங்களுக்கு விளங்கும்.

என்ன நடந்தது?

தையல்கடையில் வேலை செய்கிற ஸ்டெல்லா வந்தாள். கட்டளை முடிய இரண்டு கிழமைதான். "கட்டளை கிடைச்ச இந்த ஒரு வருஷத்தில என்ன நடந்தது?" என்று கேட்டேன். "ஒண்டுமில்ல மிஸ். இந்த வருஷம்தான் என்ட மகள் கதவுக்குக் கதிரை முட்டுக்குடுக்காமப் படுக்கிறாள்."

எனக்குப் பேனை ஓடவில்லை. ஒன்றும் நடக்காததை விண்ணப்பத்தில் எந்தக் கட்டத்தில் எழுதுவது? "வந்து கத்தினாரா? கதவிலயாவது தட்டினாரா?" என்று, நடந்திருந்தால் நல்லது மாதிரிக் கேட்டுத் தொலைத்தேன். வெட்கக்கேடு!

"ஏன் மிஸ், போய் ஒரு அடி வாங்கிட்டு வரட்டா?"

மீன் கட்லட்

அடுத்த நாள் ஜிந்துப்பிட்டியிலிருந்து அவளுடைய மாமியார், ஒரு பெட்டி மீன் கட்லட்டோடு. "ஒரு வருஷமா என்ட மகன் ஜெரால்ட் அவள்ல கை வைக்கல்ல. பிறகென்னத்துக்கு இந்தக் கடதாசி, மகள்? விட்டுடச் சொல்லுங்க."

பொய் சொல்லக்கூடாது, இரண்டு சாப்பிட்டேன். உறைப்பும் அளவு. வாயைத் துடைத்துக்கொண்டு, "இப்ப அவர் உங்களோடதானே அன்ரி இருக்கிறார்?" என்றேன். மனுஷியின் முகம் செத்துவிட்டது.

"ஓம் மகள், அதுதான் கெதியா அவளிட்ட அனுப்பினா எனக்கும் நிம்மதி."

பேக்கரிக் கலண்டர்

விசாரணை நாள். ஜெரால்ட் வெள்ளைச் சேர்ட்டில், கையில் சுருட்டிய பேக்கரிக் கலண்டர். நன்னடத்தைக்குச் சாட்சியாம். ஒவ்வொரு நாளுக்கும் சிவப்புப் பேனையால் ஒரு வெட்டு. கட்டளை முடிகிற நாளுக்கு வட்டம், பக்கத்தில் 'வீடு' என்று எழுத்து. "பாருங்க ஐயா, ஒரு நாளாவது அவளிட வாசல் பக்கம் போகல்ல" என்று பெருமையாக நீட்டினான்.

சிங்களம் பேசுகிற நீதவான் தாள் தாளாகப் புரட்டிவிட்டு, மொழிபெயர்ப்பாளர் மூலம் ஸ்டெல்லாவிடம், என்ன சொல்கிறாய் என்று கேட்டார். அவள் அந்தச் சிவப்பு வட்டத்தைக் காட்டினாள்.

"திருந்தின மனுஷன் நாள் எண்ணுவாரா, ஐயா?"

கட்டளை இன்னும் ஒரு வருஷம் நீண்டது, இப்போது யார் வந்து "ஒன்றும் நடக்கவில்லை" என்றாலும் முதல் வரியிலேயே அதைத்தான் எழுதுகிறேன், ஏனென்றால் அந்த ஒன்றுமில்லாததுக்குத்தானே இவ்வளவு ஓட்டமும்.