ரேவினின் உறுமல்

பள்ளிப் பேருந்து ஓட்டுகிற ரேவின் ஐந்தடிகூட இல்லை. இருக்கையில் மெத்தை போட்டு உயர்த்திக்கொண்டால்தான் அவளுக்குச் சாலையே தெரியும். ஆனால் அந்த உடம்புக்குள்ளிருந்து வருகிற உறுமல் இருக்கிறதே, அடேயப்பா! இலையுதிர் காலத்தில் சிவப்பு மான்கள் சோடி தேடி மலையெல்லாம் உறுமிக்கொண்டு திரியும். அப்போது அவள் இரண்டு கையையும் வாயருகே குவித்து ஒரு சத்தம் கொடுத்தால் போதும். எங்கோ மேகத்துக்குள் நிற்கிற கலைமான், எவனோ தன் பெட்டைகளிடம் வாலாட்டுகிறான் என்று கொதித்துப்போய், புதரை முறித்துக்கொண்டு இறங்கி வந்துவிடும். நியூசிலாந்தின் மேற்குக் கரையில் எங்கள் ஊர் மதுக்கடையில் ஆண்டுதோறும் உறுமல் போட்டி உண்டு. ரேவின் பெயர் கொடுத்துவிட்டால் மற்றவர்கள் இரண்டாம் பரிசுக்குத்தான் நிற்பார்கள்.

எங்கள் ஊர் ஆண்களுக்கு இது ரொம்ப வசதியாகப் போய்விட்டது. முக்கியமாக அவளுடைய கணவன் டெஸ்ஸின் தம்பி நெவிலுக்கு. "ரே, வா, வந்து ஒரு சத்தம் குடு" என்று கூட்டிக்கொண்டு போவான். அவள் உறுமுவாள், மான் வரும், இவன் சுடுவான். ஊருக்கு வந்ததும், தான் எப்படிக் குறி பார்த்தான், காற்று எந்தப் பக்கம் அடித்தது என்று மணிக்கணக்கில் அளப்பான். மான் எதற்காக வந்தது என்பதை மட்டும் சொல்லமாட்டான். கல்யாணமான வருடத்திலிருந்து இதே கூத்து. ரேவினுக்கு ஐம்பத்தாறு வயதாகிவிட்டது, அவள் பெயரில் ஒரு கலைமான்கூட இல்லை. வெளியே சிரித்துக்கொண்டு இருந்தாலும் அது அவளுக்குள் முள்ளாகத்தான் இருந்தது.

அவளே சுட வேண்டியதுதானே என்பீர்கள். சுடப் பார்க்காமலா இருந்தாள்! அவளுக்கு இடதுகைப் பழக்கம். வீட்டில் இருந்த ரைஃபிள்களோ ஆறடி ஆண்களுக்காகச் செய்தவை. குண்டை ஏற்றுகிற போல்ட் வலப்பக்கம், பின்கட்டை முழ நீளம். தோளில் வைத்தால் கண் தொலைநோக்கிக்கு எட்டாது. கண் எட்டினால் கை விசைக்கு எட்டாது. ஒருமுறை எதிரே கலைமான் வந்து நின்று, இவள் கட்டையோடு மல்லுக்கட்டுவதை நிதானமாக வேடிக்கை பார்த்துவிட்டுப் போயிற்று. அன்றைக்கு நெவில் சிரித்த சிரிப்பை நினைத்தால் எனக்கே இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது.

போன குளிர்காலத்தில்தான் அவளுக்கு அந்த எண்ணம் வந்தது. நேரே துப்பாக்கி செய்கிற ஹாமிஷிடம் போனாள். அவன் கல்யாணப் பெண்ணுக்கு ரவிக்கை தைக்கிறவன்போல நாடாவை எடுத்துக்கொண்டு கழுத்து, கை, தோள், கன்னம் என்று அளவெடுத்தான். போல்ட் இடப்பக்கம், குழல் குட்டை, கட்டை நல்ல அக்ரூட் மரம். செய்து முடித்ததும் அவள் கையில் கொடுத்தான். ரேவின் கண்ணை மூடிக்கொண்டு அதைத் தூக்கித் தோளில் வைத்தாள். கண்ணைத் திறந்தாள். தொலைநோக்கிக்குள் குறுக்குக் கோடு நடுவில் நின்றது! கழுத்தை நீட்டவில்லை, தோளை நெளிக்கவில்லை. அவளுக்கு அழுகை வந்துவிட்டது, ஹாமிஷ் பதறிப்போனான்.

அன்றைக்கு வீட்டில் அவள் பண்ணிய அமர்க்களத்தைச் சொல்லி மாளாது. தேநீர் குடித்தால் மடியில் ரைஃபிள். தொலைக்காட்சி பார்த்தால் பக்கத்தில் ரைஃபிள்.

"என்னைக்கூட நீ இப்படித் தடவிக் குடுத்ததில்ல" என்றான் டெஸ்.

"உன்னை எனக்கு அளவெடுத்தா செஞ்சாங்க?" என்றாள்.

நெவில் வந்து பார்த்தான். பார்த்துவிட்டு, "என்ன ரே, பேரனுக்கு பொம்மையா?" என்றான்.

"பொம்மைதான். விளையாடப் போறது நான்."

"சரி சரி, கோச்சுக்காத. சுடறதெல்லாம் உனக்குச் சரிப்பட்டு வராது. நீ வழக்கம்போல உறுமு, மத்ததை நான் பாத்துக்கறேன்."

"இந்த வருஷம் என் தொண்டை எனக்கு மட்டும்தான், நெவில். வேணும்னா நீயே உறுமிக்க."

அவனும் ரோஷக்காரன். பெண்டாட்டியின் தூசு உறிஞ்சும் இயந்திரத்திலிருந்து குழாயை ஒரு முழம் வெட்டி எடுத்துக்கொண்டு, மான் உறுமும் காலம் வந்ததும் அடுத்த பள்ளத்தாக்கில் வேட்டையாடப் போவதாகச் சொல்லிக் கிளம்பிப் போனான். அந்தக் குழாயில் ஊதினால் உறுமல்போல ஏதோ ஒன்று வரும். அவன் பெண்டாட்டி வீடு பெருக்க முடியாமல் அவனைத் திட்டியது தனிக் கதை.

எங்கள் ஊரில் ஏப்ரல்தான் இலையுதிர் காலம். அதன் தொடக்கத்தில் டெஸ் அவளை டோபின் ஓடை வரை வண்டியில் கொண்டுபோய் விட்டான். முழங்கால் தேய்ந்துபோனதால் அவன் இப்போதெல்லாம் ஏறுவதில்லை.

"மான் கெடைச்சா சந்தோஷம். கெடைக்கலைன்னாலும் முழுசா வந்து சேரு" என்றான்.

"கெடைக்கும்டா" என்று சொல்லிவிட்டு ஏறத் தொடங்கினாள்.

டோபின் ஓடைக்கு மேலே இருக்கிற மலை மனுஷன் நடக்கிற மலை இல்லை. காட்டுக்குள் வேரைப் பிடித்து ஏற வேண்டும். காடு முடிந்ததும் கோரைப்புல்லைப் பிடித்து ஏற வேண்டும். புல் பிடுங்கிக்கொண்டால் நேரே ஓடைதான். ரேவினுக்கோ காலே தரையில் பாவவில்லை. முதுகில் தன்னுடைய ரைஃபிள், தலைக்குமேல் தெளிந்த வானம், தன் பாட்டுக்குச் சிரித்துக்கொண்டே ஏறினாள். மேட்டின் உச்சிக்கு வந்ததும் மூச்சு வாங்கிவிட்டு, கையைக் குவித்து உறுமினாள்.

எதிர் மேட்டிலிருந்து பதில் வந்தது!

அவளுக்கு நெஞ்சு குதித்தது. மறுபடி உறுமினாள், மறுபடி பதில். கொஞ்சம் மூக்கால் வருகிற சத்தம். கிழட்டுக் கலைமான்தான், பாவம், தடுமன் பிடித்திருக்கிறது என்று முடிவு கட்டினாள். கிழம் என்றால் கொம்பு பெரிதாக இருக்குமே! சந்தோஷம் தலைக்கேறினால் காது எங்கே ஒழுங்காக வேலை செய்யும்? நாள் முழுவதும் பிள்ளைகள் போடுகிற கூச்சலில் யார் தும்மினார்கள் என்று சொல்கிறவள், அன்றைக்குக் கோட்டை விட்டாள். அவள் உறும, அது உறும, இருவரும் மாறி மாறித் தொண்டை கிழியக் கத்தியபடி, நடுவில் ஒரு பள்ளம் மட்டும் இருக்கிற அளவுக்கு நெருங்கிவிட்டார்கள்.

ரேவின் குப்புறப் படுத்துப் பைனாகுலரை எடுத்தாள். ரைஃபிளில் இருக்கிற தொலைநோக்கியால் தெரியாததைத் தேடக்கூடாது, அது இங்கே குழந்தைக்கும் தெரியும். எதிரே புதர் அசைந்தது. புதருக்குள்ளிருந்து முதலில் ஒரு ஆரஞ்சுத் தொப்பி வந்தது. அப்புறம் ஒரு குழாய். அப்புறம், முகமெல்லாம் சிவந்து, கன்னம் இரண்டும் உப்பி, ரைஃபிளை முதுகில் மாட்டிக்கொண்டு உயிரைக் கொடுத்து ஊதுகிற நெவில்.

அடப் பாவி மனுஷா! இவளுடைய குரலைப் பெரிய கலைமான் என்று நம்பி, அடுத்த பள்ளத்தாக்கிலிருந்து ஒரு மலையையே தாண்டி வந்திருக்கிறான். ரேவின் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஏமாற்றம்தான், ஆனால் சிரிப்பை அடக்க முடியவில்லை. சரி, கூப்பிட்டுத் தொலைப்போம் என்று வாயைத் திறக்கப் போனாள்.

அப்போதுதான் நிஜக் கலைமான் வந்தது. தன் இடத்தில் இரண்டு பேர் இவ்வளவு நேரம் சண்டை போட்டால் அதற்குத் தாங்குமா? நெவிலுக்குக் கீழே இருந்த பாறை மடிப்பிலிருந்து வெளியே வந்து, சேறு பூசிய கழுத்தை நீட்டி ரேவினைப் பார்த்து உறுமியது. உண்மையான உறுமல். மடிப்பு மறைத்ததால் நெவிலுக்கு அது தெரியவில்லை.

ரைஃபிள் தானாகத் தோளில் வந்து உட்கார்ந்தது. குறுக்குக் கோடு மானின் தோள்பட்டையில் நின்றது. அதே கோட்டுக்கு நேர் பின்னால் ஆரஞ்சுத் தொப்பி.

இந்த ஆளுக்கு நிற்க வேறு இடமே கிடைக்கவில்லையா! விசையிலிருந்து விரலை எடுத்துப் பாதுகாப்புப் பூட்டைப் போட்டாள். கத்தினால் மான் ஓடிவிடும். காத்திருந்தால் அதுவே போய்விடும். ஐம்பத்தாறு வருடம் கழித்து வந்ததும் நெவிலால்தான் போகப்போகிறதா என்று ஆத்திரம் பொங்கியது. அந்த ஆத்திரத்தையெல்லாம் சேர்த்து, கையைக் குவித்து, தாழ்ந்த குரலில் ஒரு உறுமல் விட்டாள். நீயெல்லாம் ஒரு ஆம்பளையா என்று கேட்கிற உறுமல்.

மான் தலையை உதறிற்று. பிறகு இறங்கிற்று. கல்லை உருட்டிக்கொண்டு பள்ளத்துக்குள் அவளை நோக்கி வர வர, தொப்பி மேலேயே தங்கிப்போனது. மானுக்குப் பின்னால் இப்போது வெறும் மலைச்சுவர்தான். ரேவின் பூட்டை நீக்கினாள், மூச்சைப் பாதியில் நிறுத்தினாள், சுட்டாள்.

மான் நின்ற இடத்திலேயே சரிந்தது. அவள் எழுந்து, உட்கார்ந்து, மறுபடி எழுந்தாள். அழுதாள், சிரித்தாள், செத்த மானின் கழுத்தைத் தடவி மன்னிப்புக் கேட்டாள். நெவில் தடதடவென்று சறுக்கிக்கொண்டு வந்து சேர்ந்தபோதும் அவள் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள்.

"ரே! நீயா?" என்றான். மானைச் சுற்றி வந்து கொம்பின் கிளைகளை எண்ணிப் பார்த்தான். முகம் சுருங்கிற்று. "நல்லாத்தான் சுட்டிருக்க, ஒத்துக்கறேன். ஆனா ஒண்ணு. காலையிலேருந்து இதைக் கூப்பிட்டது நான். மலையத் தாண்டி வந்து, தொண்டை கிழிஞ்சு கூப்பிட்டிருக்கேன். அதனால பாதி எனக்கு."

"என்ன சொன்ன?"

"கூப்பிட்டவனுக்குப் பாதின்னேன். அதுதானே நியாயம்?"

ரேவின் கையைக் குவித்து, அவன் காலையிலிருந்து கேட்ட அதே உறுமலை உறுமினாள். நெவிலின் கையிலிருந்து குழாய் நழுவிக் கீழே விழுந்தது.

"அது... நீயா?"

"நானேதான். நீ தடுமன் புடிச்ச கிழட்டு மான்னு நெனச்சேன். பரிதாபப்பட்டேன், தெரியுமா?"

நெவில் காது வரை சிவந்தான்.

"ஆனா நீ சொன்ன நியாயம் எனக்கு ரொம்பப் புடிச்சிருக்கு" என்றாள் ரேவின். "உன் வீட்டுச் சுவத்துல எத்தன ஜோடிக் கொம்பு மாட்டி வச்சிருக்க? அதையெல்லாம் கூப்பிட்டது யாரு?"

நெவில் குனிந்து குழாயைப் பொறுக்கிக்கொண்டான்.

"ஜோடிக்கு ஒரு கொம்பு எனக்கு. சனிக்கிழமை ரம்பத்தோட வர்றேன்."

"ரே, விளையாடாத. சுவரு பூரா அசிங்கமாயிடும்."

"ஆகட்டுமே. வர்றவங்க ஏன் ஒத்தைக் கொம்பா இருக்குன்னு கேப்பாங்கல்ல? கூப்பிட்டது யாருன்னு சொல்லு" என்று சொல்லிவிட்டு, ரேவின் தன் மானை அறுக்கக் கத்தியை உருவினாள்.